பாரிசவாயுவும் முப்பது நாள் மாத்திரையும்

ஆற்காட்டினின்று ஆரணிக்குச் செல்லும் பெருவழியில் திமிரி என்னும் ஊர் உளது. சரித்திரம் பயின்ற நம் மாணவர், 1751-ஆம் ஆண்டில் ஆற்காட்டைக் கைக்கொண்ட கிளைவ் அங்கிருந்து திமிரிக் கோட்டையை நோக்கிப் படைகொண்டு சென்றமையை நினைவு கூர்வர். ஊராருக்கோ கோட்டையைக் காட்டிலும், விடியற்காலையில் ராணிப்பேட்டைக்கும் மேல்விஷாரத்துக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்ஸே பெரிது. தோல் பதனிடும் சாலைகளை எங்கள் பக்கத்தார் தோல்ஷாப்பு என்று வழங்குவர். அங்கே ஊறிய தோலைத் தூக்கியும், மயிர் களைந்தும், வெயிலில் உலர்த்தியும் தம் வாழ்நாளைக் கழித்தவர் பலர். என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர்.

ஐம்பத்தெட்டாம் வயதில், ஒரு நாள் வைகறையில், அவருக்குப் பாரிசவாயு கண்டது. பல் துலக்கச் சென்றவர் செம்பைப் பிடிக்கமாட்டாமல் நின்றார். வாய் ஒருபுறம் கோணிற்று. பெரியம்மா பதறி வினவியதற்கு அவர் கூற முயன்ற விடை சொல்லாக வெளிவரவில்லை. ஓர் ஆஸ்பத்திரியிற் பத்து நாள் இருந்தார். அங்குச் செய்த சிகிச்சையில் யான் குறை காணேன். மூளையைப் படம் பிடித்தார்கள். இரத்தக் குழாய் அடைபட்டதெனக் கண்டார்கள். செய்ய வேண்டியவற்றை முறையாகச் செய்தார்கள். மூன்றாம் மாதத்தில் அவர் கோலின்றி நடந்தார். ஆறாம் மாதத்தில் தம் கையாற் சோறு பிசைந்து உண்டார். பொங்கலுக்கு யாங்கள் சென்றிருந்தபோது திண்ணையில் அமர்ந்து, பழைய முதலாளிமார் கதைகளைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கச் செய்தார். பதினான்காம் மாதத்தில் அந்நோய் இரண்டாம் முறை வந்தது. அதன்பின் நான்கு ஆண்டு உயிரோடிருந்தார். ஒரு சொல்லேனும் பேசவில்லை.

இப்பதினான்கு மாதத்தில் அவர் மாத்திரை உட்கொண்டது முதல் மூன்று மாதமே என்பதை யாங்கள் பின்னரே அறிந்தோம். இடையில் ஒருமுறை யான் கேட்டதுண்டு. ‘அதுதான் கை வந்துவிட்டதே, அப்பா, இன்னும் எதற்கு?’ என்றார். அவ்விடை எனக்கும் அப்போது நியாயமாகவே தோன்றிற்று. படித்தவன் என்று பெயர் பெற்ற யானே அங்ஙனம் எண்ணியிருக்க, அவரைக் குறை கூறுவது எவ்வாறு?

அவர் மறைந்தபின் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து நோக்கினேன். அதில் எட்டு மருந்துகள் எழுதியிருந்தன. எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ‘30 நாள்’ என்று இருந்தது. எந்த மாத்திரை எதற்கு என்பது இல்லை. முப்பது நாள் கழிந்தபின் யாது செய்வது என்பதும் இல்லை. காய்ச்சலுக்கு ஐந்து நாள் மருந்து தந்தால் ஐந்து நாள் உண்டு நிறுத்துவது நம் ஜனங்கள் கற்ற பழக்கம்; நல்ல பழக்கமுங்கூட. அதே கணக்கில் முப்பது நாள் மருந்தை முப்பது நாள் உண்டார்; அஞ்சி, கடையில் விலைக்கு வாங்கி இன்னும் இரண்டு மாதம் உண்டார்; பின் நிறுத்தினார். சீட்டு யாது சொல்லிற்றோ அதற்கு மேலாகவே அவர் செய்திருக்கிறார். எழுதினவர் மனத்தில் ‘வாழ்நாள் முழுதும்’ என்பதே இருந்திருக்கும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நோயாளர் கைக்கு வந்தது அவர் மனமன்று, சீட்டே.

இக்கட்டுரையில் யான் வாதிக்கப் புகுவது இதுவே: பாரிசவாயு கண்டு பிழைத்தவர் மருந்தை விட்டுவிடுகின்றாரென்னும் பழியிற் பெரும்பகுதி, மருந்தை எழுதிக் கொடுக்கும் முறையைச் சார்ந்தது.

நோயின் இயல்பைச் சிறிது கூறுவல். பாரிசவாயு, பக்ஷவாதம், பக்கவாதம் என்று பலவாறு வழங்கும் இந்நோய், கையிலும் காலிலும் காணப்படினும் அங்கே தோன்றுவதன்று, மூளையில் தோன்றுவது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுதல் ஒரு வகை. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிதல் மற்றொரு வகை. அடைப்பே பெரும்பான்மை. புறத்தே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுமாதலின், ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலன்றி வேறு பிரித்தறிதல் அரிது. இவ்வேற்றுமை வைத்தியர்க்கு மட்டும் உரிய நுட்பமன்று. ஊராரும் அறிந்திருத்தல் வேண்டும். அடைப்பு நேர்ந்தவர்க்கு அமுதமாகும் ஆஸ்பிரின், கசிவு நேர்ந்தவர்க்குத் தீங்காகக் கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமளித்த மாத்திரை என்று இரண்டு வாங்கி வாயிற் போட்டுவிடுதல் எங்கள் ஊரில் யான் கண்ட வழக்கம். அது கேட்டினும் கேடு.

நிற்க. அடைபட்ட குழாய்க்குரிய மூளைப்பகுதி ஒருவாறு தேறி, கை வந்து, கால் வந்து, நாவும் வந்துவிட்டது என்று கொள்வோம். அடைப்பை உண்டாக்கிய காரணங்கள் யாண்டுச் சென்றன? இரத்த அழுத்தம் முன்போலவே உளது. குழாய்ச் சுவரிற் படிந்த கொழுப்பு முன்போலவே உளது. சர்க்கரை உளது, பலரிடத்துப் பீடியும் உளது. கை வந்தது நோய் அகன்றமைக்கு அடையாளமன்று. மூளை தன் இழப்பைத் தானே ஈடு செய்துகொண்டமைக்கு அடையாளம். மாத்திரை வந்தது கையை எழுப்புவதற்கன்று, அடுத்த அடியைத் தடுப்பதற்கு. இவ்வொரு வாக்கியத்தை எம் பெரியப்பாவுக்கு எவரேனும் தமிழிற் சொல்லியிருப்பின், அவர் அதனை விளங்கிக்கொள்ளமாட்டாதவர் அல்லர். தோல் எந்த நாளிற் சுண்ணாம்பினின்று எடுக்கப்படல் வேண்டும், ஒரு நாள் தவறினால் யாதாகும் என்பதை முப்பது ஆண்டு கைக்கணக்கில் வைத்திருந்தவர் அவர்.

இம்மருந்துகள் உண்மையிற் பயன் தருவனவோ என்று ஐயுறுவார் உளர். பயனை ஊகத்தால் அல்லாமல் எண்ணிக் கண்டிருக்கின்றார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை, பாரிசவாயு கண்டு தேறிய 6105 பேரிடம் நான்கு ஆண்டு சோதித்து, அதன் முடிவை 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருந்தில்லா மாத்திரை பெற்றவருள் நூற்றுக்கு 14 பேருக்கு அந்நோய் மீண்டது; மருந்து பெற்றவருள் 10 பேருக்கு. வியப்பு யாதெனின், அழுத்தம் மிகுதியாக இல்லாதிருந்தவரும் அம்மருந்தால் நலம் பெற்றனர். கசிவு வகையும் குறைந்தது. ஆஸ்பிரின் என்பது தலைவலிக்கு வாங்கும் மிக எளிய மருந்து. அஃது உடம்பில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை 1971-இல் விளக்கிய ஜான் வேன் என்னும் ஆங்கிலேயர் 1982-இல் நோபெல் பரிசு பெற்றார். அடைப்பு வகைப் பாரிசவாயு கண்டவர் அதனைச் சிறிய அளவிற் தொடர்ந்து உண்டால், மீண்டும் வரும் அபாயம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகையை 1970-களில் ஜப்பானியரான அகிரா எண்டோ ஒரு பூஞ்சைக் காளானினின்று கண்டெடுத்தார். அவ்வகை மருந்தொன்றை 4731 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் மீண்டவர் தொகை நூற்றுக்கு 13.1 என்பதினின்று 11.2 ஆகக் குறைந்தது. இருதயத் துடிப்பு ஒழுங்கின்றி இருப்பதனால் இரத்தக் கட்டி எழுந்து மூளைக்குச் செல்லும் வகைக்கு ஆஸ்பிரின் போதாது; இரத்தம் உறைவதைத் தடுக்கும் வலிய மருந்து வேண்டும். ஐரோப்பாவில் நடந்து 1993-இல் வெளிவந்த சோதனையில், அம்மருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்றிருந்ததை 4 ஆக்கிற்று.

தனித்தனியே நோக்கின் சில எண்கள் சிறியனவாகத் தோன்றும். பதின்மூன்று பதினொன்றாவதற்கோ இத்தனை ஆரவாரம் என்று கேட்பவர் உண்டு. அவ்விரண்டு பேருள் ஒருவர் தம் வீட்டாராக இருத்தல் கூடும் என்பதை அவர் கருதுவதில்லை. அன்றியும், மூன்று மருந்தும் மூன்று வாயிலை அடைக்கின்றன. ஒன்றோடொன்று சேரும்போது பயன் பெருகும்.

மாத்திரைகள் எல்லாம் சீமைச் சரக்கு, நம் உடம்புக்கு ஆகா என்பார்க்கு ஒரு செய்தி. இரத்த அழுத்தத்தைக் குறைக்க உலகம் முதன்முதலிற் கைக்கொண்ட மருந்துகளுள் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரினின்று வந்தது. பம்பாயில் இருதய வைத்தியராக விளங்கிய ருஸ்தம் ஜால் வகீல் என்பார் அவ்வேரைத் தம் நோயாளரிடம் சோதித்து 1949-இல் எழுதிய கட்டுரையே மேனாட்டாரின் கண்ணைத் திறந்தது. இக்காலத்தில் அதனினும் நலமான மருந்துகள் வந்துவிட்டமையால் அதனைத் தருவது அருகிற்று, அது வேறு.

இனி, மருந்தை எழுதும் காலமும் முறையும் எத்துணை வேறுபாடு விளைக்கும் என்பதற்கு, யான் படித்தவற்றுள் மிகவும் என் மனத்தைக் கவர்ந்த சான்றொன்று உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் ராத்வெல் என்னும் வைத்தியரும் அவர் கூட்டாளிகளும் செய்து 2007-இல் வெளியிட்டது. சிறிய அளவிற் பாரிசவாயு கண்டோ, கண்டு மறைந்தோ வந்தவர்களை அவர்தம் மருத்துவமனையிற் சோதித்தனர். முதற்பகுதிக் காலத்தில், இன்ன மருந்து தருக என்று குடும்ப வைத்தியருக்குக் கடிதம் எழுதினர். நோயாளர் அவரிடம் சென்று மருந்து பெற்றனர். பிற்பகுதிக் காலத்தில், வந்த அன்றே தாமே மருந்தைக் கையிற் கொடுத்தனர். மருந்துகள் அவையே, வைத்தியரும் அவரே. முற்காலத்தில் முதல் மருந்து எழுதப்படுவதற்கு நடுத்தரமாக 20 நாள் ஆயிற்று. பிற்காலத்தில் 1 நாள். தொண்ணூறு நாளைக்குள் நோய் மீண்டவர் முற்காலத்தில் நூற்றுக்கு 10.3, பிற்காலத்தில் 2.1. ஒரு கடிதம் ஒரு மேசையினின்று மற்றொரு மேசைக்குச் செல்லும் இடைவெளியில் இத்தனை பேர் விழுந்திருக்கின்றனர்! அந்நாட்டில் மேசைக்கும் மேசைக்கும் உள்ள தூரமே இவ்வாறாயின், வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கும் திமிரியைச் சூழ்ந்த குக்கிராமத்துக் குடிசைக்கும் இடையில் உள்ள தூரத்தை யாது சொல்வது?

இந்தத் தூரத்தையும் அளந்தவர் உளர். கேரளத்திற் பிறந்து பெங்களூரில் வைத்தியம் பயின்ற சலீம் யூசுப் என்பார் தலைமையில் 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2011-இல் வெளிவந்தது. இருதய நோயோ பாரிசவாயுவோ முன் கண்டவர், தடுப்பு மருந்துகளை உண்கின்றனரா என்று வீடு வீடாகக் கேட்டனர். செல்வ நாடுகளில் ஒரு மருந்தும் உண்ணாதவர் நூற்றுக்கு 11 பேர். இந்தியா அடங்கிய ஏழை நாட்டுப் பகுதியில் 80 பேர். ஸ்டாடின் உண்டவர் அங்கே 66, இங்கே 3. அவ்வாய்வுக்குப் பின் நிலைமை ஓரளவு மாறியிருக்கும் என்பது என் நம்பிக்கை. ஆயினும் தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கும், இரத்த அழுத்தம் உடையோருள் அது கட்டுக்குள் நின்றவர் நூற்றுக்கு 7 பேர் அளவே என்று காட்டிற்று.

நம் வேலூர்ப் பகுதி இந்நோயை எண்ணிப் பார்த்தலில் நாட்டுக்கு வழிகாட்டியாக இருந்தது. பாரிசவாயுவினால் ஒருபக்கம் செயலற்றோரைப் பற்றி இங்கே செய்த ஆய்வொன்று 1970-இல் வெளிவந்தது. லட்சம் பேரில் ஏறக்குறைய 57 பேர் அங்ஙனம் இருந்தனர் என்பது அதன் முடிபு. நரம்பியல் வைத்தியத்துக்கு ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் அடிகோலினார். முடங்கியவரைப் பயிற்றி எழுப்பும் நிலையத்தை, தாமே சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மேரி வர்கீஸ் 1966-இல் தொடங்கினார். இவற்றால் நம் பக்கத்தார்க்கு ஆஸ்பத்திரி வாயில்வரை குறைவில்லை. வாயிலைக் கடந்து வீடு திரும்பிய பின்னரே வழி மறைகின்றது.

நோயாளர்க்குப் போதிய அறிவு புகட்டினால் இவையெல்லாம் சீர்ப்படும் என்பது பலர் துணிபு. அதனையும் நம் நாட்டிற் சோதித்தனர். 31 ஆஸ்பத்திரிகளில், 4298 நோயாளரிடம், 12 மொழிகளில், கைத்தொலைபேசிச் செய்தியும் சிறு படக்காட்சியும் பயிற்சிப் புத்தகமும் ஒரு சாரார்க்குத் தந்து, மற்றொரு சாரார்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தந்து, ஓராண்டு பார்த்தனர். முடிவு 2023-இல் வெளிவந்தது: நோய் மீள்வதில் இருசாராருக்கும் வேற்றுமை இல்லை. இதனைக் கண்டு போதனை வீண் என்று முடிவு செய்தல் அவசரமாகும். அச்சோதனையில் இருசாராருமே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் மருந்தை விடாது உண்டனர். நல்ல ஆஸ்பத்திரிகளிற் சேர்ந்து, ஓராண்டு முழுதும் ‘எப்படி இருக்கின்றீர்?’ என்று கேட்பாரை உடையவர் அவர்கள். நீந்தத் தெரிந்தவர் இருசாராருக்குள் ஒருசாராருக்கு மேலும் நீச்சல் கற்பித்தாற்போல் ஆயிற்று. எங்கள் பெரியப்பா போன்றார் அச்சோதனைக்குள் வந்திருக்கவே மாட்டார். அவருக்கு வேண்டியிருந்தது படக்காட்சியன்று. நான்காம் மாதத்தில் மாத்திரை எங்கே கிடைக்கும் என்னும் செய்தியும், கேட்பதற்கு ஓர் ஆளும்.

மாத்திரையை விடுவதற்கு ஜனங்கள் கூறும் காரணங்களை எள்ளுதல் எளிது. யான் அதனை விரும்பேன். நாள்தோறும் மாத்திரை தின்றால் சிறுநீரகம் கெடும் என்பர். சிறுநீரகத்தைக் கெடுப்பதிற் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்துக்கு ஒப்பானவை சிலவே. மருந்தினால் அது கெடுமோ என்று அஞ்சி மருந்தை விடுவது, கூரை ஒழுகுமோ என்றஞ்சிக் கூரையைப் பிரிப்பதாகும். எனினும் மருந்துகளுக்குக் குற்றமே இல்லை என்று சொல்பவன் பொய்யன். ஆஸ்பிரின் சிலருக்கு வயிற்றில் இரத்தப்போக்கை உண்டாக்கும். ஸ்டாடின் சிலருக்குத் தசைவலி தரும். அழுத்த மருந்து மிகுந்தால் எழும்போது தலை சுற்றும். இவற்றை முன்னரே சொல்லி, நேர்ந்தால் நிறுத்தாமல் வந்து கேள் என்று கூறும் வைத்தியரை நோயாளர் நம்புவர். சொல்லாது மறைத்தவர்மீது, முதல் தலைசுற்றலோடு நம்பிக்கை போய்விடும்.

புறாவின் இரத்தத்தைச் செயலற்ற கைகாலிற் பூசும் வழக்கம் நம் நாட்டிற் பல இடங்களில் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒரு புறா அதற்காக உயிர்விட்டது. அதனாற் பயனில்லை, மூளையில் நேர்ந்த அடைப்புக்கும் தோலின்மேற் பூசும் இரத்தத்துக்கும் தொடர்பில்லை. எண்ணெய் தேய்த்தல் அத்துணைக் குற்றமன்று. தேய்ப்பவரின் கைவருடலே நோயாளர்க்கு ஓர் ஆறுதல். யான் அஞ்சுவது, எண்ணெய் தேய்க்கும் நாளில் மாத்திரை கூடாது என்னும் பத்தியத்தை. பெரியப்பா நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பெரியம்மா பின்னர்க் கூறினாள்.

செலவு பெரிய காரணம். ஆனால் எச்செலவு? 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வாயிலாக அரசாங்க மருத்துவமனைகளுக்கு மருந்து மொத்தமாக வாங்கப்பட்டு இலவசமாக வழங்கப்பெற்று வருகின்றது. மாத்திரைக்கு விலையில்லை, அதனைப் பெறும் நாளுக்கு விலையுண்டு. தோல்ஷாப்பில் ஒரு நாட்கூலியை விட்டு, வரிசையில் நின்று, மாத்திரை பெறுவது உடல் நலமாக இருப்பவர்க்கு வீண் வேலையாகவே தோன்றும். கடையில் வாங்குவோர்க்கோ வேறொரு தொல்லை. பெரியப்பாவின் சீட்டிலிருந்த எட்டு மருந்துகளில், நோயைத் தடுப்பதற்கு இன்றியமையாதவை நான்கே. எஞ்சியவை நரம்புச் சத்து, உயிர்ச்சத்து என்று சொல்லப்படுவன. விலையிற் பாதிக்கு மேல் அவையே விழுங்கின. கடைக்குச் சென்ற பெரியம்மா பணம் போதாமையால் இரண்டை விட்டு வந்தாள். விட்டவை எவை தெரியுமா? நரம்புச் சத்தை விடவில்லை. நரம்பு நோய்க்கு நரம்பு மருந்தன்றோ முதன்மை என்பது அவள் தருக்கம். ஆஸ்பிரினையும், இரவில் உண்ணும் ஸ்டாடினையும் விட்டாள். வேண்டாத மருந்து தீங்கில்லாதது என்று எழுதிச் சேர்க்கும் வைத்தியர், அது வேண்டிய மருந்தைப் பையிலிருந்து தள்ளிவிடும் என்பதைக் கருதுதல் வேண்டும்.

எழுதும் முறையைப் பற்றி யான் வேண்டுவது அரிதானதன்று. ஆஸ்பத்திரியை விட்டுச் செல்லும் நாளில், மருந்துகளின் பெயர் எம்மொழியில் இருப்பினும், அதனருகே ‘இரத்த அழுத்தத்துக்கு’, ‘இரத்தம் உறையாமைக்கு’, ‘கொழுப்புக்கு’ என்று தமிழில் ஒரு சொல். எதனை இறுதிவரை உண்ண வேண்டும், எதனை எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்பது ஒரு வரி. பின்னது வீண் நுட்பமன்று. சிறிய பாரிசவாயு கண்டவர்க்கு ஆஸ்பிரினோடு குளோபிடோகிரல் என்னும் மருந்தையும் முதல் 21 நாள் சேர்த்துத் தருவது மிக்க நலம் என்பதைச் சீனத்தில் 5170 பேரிடம் நடந்த சோதனை 2013-இற் காட்டிற்று. தொண்ணூறு நாளில் நோய் மீண்டவர் நூற்றுக்கு 11.7 என்பது 8.2 ஆயிற்று. அவ்விரண்டையும் ஆண்டுக்கணக்கிற் சேர்த்தே உண்டாலோ இரத்தப்போக்கு மிகும். ஆகவே ஒன்றை நிறுத்த வேண்டும், மற்றொன்றை நிறுத்தலாகாது. இரண்டுக்கும் ‘30 நாள்’ என்றெழுதினால் நோயாளர் இரண்டையும் நிறுத்துவார், அல்லது இரண்டையும் தொடர்வார். அவர்மேல் என்ன பிழை?

பல மாத்திரைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தரலாம் என்று இங்கிலாந்தில் வால்ட், லா என்னும் இருவர் 2003-இல் எழுதினர். அத்தகைய மாத்திரையொன்றை நம் நாட்டில் 50 இடங்களிற் சோதித்து 2009-இல் வெளியிட்டனர். உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் இவ்வகைக் கூட்டு மாத்திரையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. ஒருவருக்கு அழுத்தம் மிகுதி, மற்றொருவருக்குக் குறைவு. எல்லோருக்கும் ஒரே அளவு எவ்வாறு பொருந்தும் என்று வைத்தியர் பலர் தயங்குவர். தயக்கம் நியாயமானதே. மாதந்தோறும் அளந்து பார்த்து அளவு மாற்றத்தக்கவர்க்கு அவர் முறையே மேல். ஆனால் திமிரிச் சுற்றுப்புறத்தில் ஒருவருக்கு முன்னுள்ள தேர்வு, அளவான நான்கு மாத்திரையா அளவு சிறிது மாறிய ஒரு மாத்திரையா என்பதன்று. ஒரு மாத்திரையா, ஒன்றும் இல்லையா என்பதே.

அரசாங்கத்தின் பக்கம் ஒரு நல்வழி ஏற்கெனவே திறந்துள்ளது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. கைகால் முடங்கியவர்க்குப் பயிற்சி தருவோரும் வருகின்றனர். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பரிசையும் அத்திட்டம் பெற்றது. மாத்திரை பெறும் நாளுக்குள்ள விலையை நீக்கியதுதான் அதன் பெருமை. யான் கேட்பது, அத்தொண்டரின் பதிவேட்டிற் பாரிசவாயு கண்டவர்க்குத் தனியே ஒரு பத்தி. அழுத்த மாத்திரையைக் கொடுத்துச் செல்லும்போதே, ‘உங்களுக்கு அன்று வந்தது அடைப்பா, கசிவா? ஆஸ்பிரின் உண்டா? இரவு மாத்திரை உண்டா?’ என்று கேட்பதற்கு அரை நிமிஷம் போதும். ஆஸ்பத்திரியினின்று ஒருவரை அனுப்பும் நாளிலேயே, அவர் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு செய்தி சென்றுவிடுமானால், முப்பது நாள் தீர்வதற்குள் தொண்டர் அவ்வீட்டுத் திண்ணையில் இருப்பார்.

நம் மாணவருள் ஊர்ப்புறத்தினின்று வருவோர் பலர். விடுமுறையில் வீடு செல்லும்போது, கோல் ஊன்றி நடக்கும் உறவினர் ஒருவரேனும் எதிர்ப்படுவர். அவரிடம் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுத்தல் பெரிய கல்வி வேண்டாத தொண்டு. மருந்தை மாற்றவோ சேர்க்கவோ நமக்கு அதிகாரமில்லை. அது வைத்தியர் தொழில். ‘இது நின்றுவிட்டதே, ஏன்?’ என்று கேட்கும் உரிமை உண்டு. யான் அன்று ‘எதற்கு?’ என்ற கேள்வியைக் கேட்டு வாளா இருந்துவிட்டேன்.

பெரியப்பாவின் சீட்டையும் எஞ்சிய மாத்திரைகளையும் பெரியம்மா ஒரு பிஸ்கோத்துத் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். நரம்புச் சத்து உறை காலியாக இருந்தது. ஸ்டாடின் உறையில் ஆறு மாத்திரை அப்படியே இருந்தன. சென்ற ஆண்டு முதல் அவளுக்கும் இரத்த அழுத்தம். மாத்திரை வீட்டுக்கு வருகின்றது. அதே பெட்டியிற்றான் வைக்கிறாள். உறையின்மேல் ‘அழுத்தத்துக்கு – காலை – நிறுத்தக்கூடாது’ என்று என் மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவே கல்வி. சென்ற மாதம் யான் போயிருந்தபோது, உறையில் ஏழு மாத்திரையே இருக்கின்றன, தொண்டர் வராவிட்டால் நீ போய் வாங்கி வா என்று, யான் செருப்பைக் கழற்றுமுன்னரே சொன்னாள்.